ஒரு விக்கெட்டுக்குப் பத்துத் தப்படி

புன்னைமுனைக்குள் கடல் முதல் தடவை நடந்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு. அலையாக வரவில்லை, இரைச்சலோடும் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் இடம் கிடப்பதைப் பார்த்துச் சற்றுத் தள்ளி உட்காருவதைப்போல, கிடந்த இடத்திலிருந்து எழுந்து, பத்துத் தப்படி உள்ளே வந்து, அங்கேயே அமர்ந்துகொண்டது. மணலில் ஏற்றிப் போட்டிருந்த கட்டுமரங்கள் ஆள் தொடாமலே மிதந்தன. பாயில் காயப்போட்டிருந்த சாளைமீன்கள் வரிசை கலையாமல் பாயோடு மிதந்து போயின. பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரத்துல திரும்பிப் போயிரும்" என்று நின்றார்கள். போகவில்லை. மத்தியானம் இன்னொரு பத்துத் தப்படி வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு இன்னொரு பத்து. அதன்பிறகு அன்றைக்கு அசையவில்லை.

அதே செவ்வாய்க்கிழமை பெங்களூரில் எங்கள் ஊர் தொபியாஸ் மூன்று விக்கெட் எடுத்திருந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தொபியாஸ், வியாகப்பனின் ஒரே மகன். சின்ன வயதில் புன்னைக்காயைச் சுண்டிச் சுண்டிப் போட்டுப் பழகிய இடது கை அவனுக்கு. பாளையங்கோட்டையில் பி.ஏ. படிக்கப் போனவனின் கையில் கல்லூரிக்காரர்கள் தோல்பந்தைக் கொடுத்தார்கள். பந்து மெதுவாகத்தான் வரும். கண்ணுக்கு மேலே ஏறி, என்னவோ யோசிப்பதுபோல் நின்று, விழுந்து, எதிர்பார்த்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குப் போனான். அந்த வருஷம் தை மாதம் வெளிநாட்டு அணி ஒன்று சுற்றுப்பயணம் வந்தபோது, நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த கூட்டு அணியில் அவனுக்கும் ஒரு இடம் கிடைத்தது. அதுதான் அவனுடைய முதல் முதல்தர ஆட்டம். முதல்தரம் என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஆசீர்வாதம் சார் டீக்கடையில் விளக்கினார்: "மத்த ஆட்டமெல்லாம் ஆடுறதோட முடிஞ்சு போகும். இது புஸ்தகத்துல ஏறும். உலகம் இருக்கிற வரைக்கும் அழியாது."

மறுநாள் கடல் இரண்டு முறை வந்தது. தொபியாஸும் இரண்டு விக்கெட் எடுத்தான். மொத்தம் ஐந்து. வெளிநாட்டுக்காரர்களை ஐந்து பேர் வெளியேற்றிய பையனின் படம் பேப்பரில் வந்ததும், சொர்ணராஜ் அண்ணாச்சி அதை வெட்டித் தன் டீக்கடைச் சுவரில் ஒட்டினார். அன்றைக்கு அவர் கடைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வலை காயப்போடும் திடல் ஐம்பது தப்படி குறைந்திருந்தது. கடலுக்கும் முதல் வரிசை வீடுகளுக்கும் நடுவே எழுபது தப்படி இருந்த ஊரில் இனி இருபதுதான் பாக்கி.

தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். 'கடல் அரிப்பு' என்று எழுதிக்கொண்டார். அரிப்பென்றால் கரை சரிந்து கிடக்க வேண்டும். இங்கே ஒரு குத்து மணல்கூடச் சரியவில்லை. கடல் வெறுமனே இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அதை அவரிடம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் சந்தேகப்பட்டவர் ஆசீர்வாதம் சார்தான். பெங்களூர் ஆட்டத்தை அவர் சொர்ணராஜ் கடை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு முறை ரேடியோவில் கூட்டம் ஆர்ப்பரித்தபோதும் கரையிலும் ஒரு சத்தம் எழுந்தது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் படித்த மனிதர் என்பதால் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வாரம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தார். இடையில் கல்லூரிகளுக்குள் நடந்த ஒரு போட்டியில் தொபியாஸ் ஏழு விக்கெட் எடுத்த செய்தி வந்தது. சார் அன்று பகல் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றிருந்தார். கடல் கட்டிப்போட்ட மாடுபோல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். போகும் வழியில்தான் அவருக்கு அது உறைத்தது: கல்லூரி ஆட்டம் புஸ்தகத்தில் ஏறாது.

மாசி மாதம் மாநில அணிக்காகக் கோயம்புத்தூரில் ஆட தொபியாஸுக்கு அழைப்பு வந்தது. அந்த ஆட்டத்தை ரேடியோவில் ஒலிபரப்பவில்லை. ஆட்டம் தொடங்கிய அன்று சார் தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை நட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என்ன சார் என்று கேட்டவர்களிடம் இனியும் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு இப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லப் பயம். ஒவ்வொருவராக வந்து சாரின் முக்காலியைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. "நம்ம பயலுவ பேட்டிங்கா இருக்கும்" என்றார் சார். இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டரைக்குக் கடல் எழுந்து, கம்பைத் தாண்டி, எங்கள் எல்லோருடைய மடியையும் நனைத்துக்கொண்டு பத்துத் தப்படி போய் நின்றது. இடுப்பளவு தண்ணீரில் முக்காலியோடு உட்கார்ந்திருந்த சார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஒரு காய்ந்த துணி தேடினார், கிடைக்கவில்லை. "ஒண்ணு" என்றார்.

அந்த ஆட்டத்தில் நான்கு. இரண்டாவதற்குத் தண்ணீர் முதல் வரிசை வீடுகளின் சுவரைத் தொட்டது. பொருட்களை எடுக்க ஓடினோம். மூன்றாவது வரும்போது செல்வராணி கிணற்றடியில் இருந்தாள். அவளுடைய நான்கு மாதக் குழந்தை வீட்டுக்குள் தொட்டிலில் கிடந்தது. அவள் அலறிக்கொண்டு ஓடிவந்து பார்த்தபோது பானைகள், பாய்கள், மாதாபடம் எல்லாம் வீட்டுக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. தொட்டில் சேலையின் அடி மட்டும் நனைந்திருந்தது. குழந்தை விழிக்கவில்லை. தண்ணீர் அதன் முதுகுக்கு ஒரு சாண் கீழே, தட்டுபோல் அசையாமல் நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்ததும் நான்காவது வந்தது. பதினான்கு வீடுகள் அந்த ஆட்டத்தோடு கடலுக்குள் போயின. மண்சுவர்கள் என்பதால் இரண்டு நாள் ஊறி, மூன்றாம் நாள் கரைந்தன.

அதற்குப் பிறகு ஊர் வேறு ஊராகிவிட்டது. தூரத்தைத் தப்படியில் அளப்பதை நிறுத்திவிட்டு விக்கெட்டில் அளந்தோம். "உங்க வீட்டுக்கு எத்தனை விக்கெட் இருக்கு?" என்பது விசாரிப்பாயிற்று. இரண்டு விக்கெட் தூரத்தில் இருந்த இரண்டாம் வரிசைக்காரர்கள் சோறு பொங்கும்போதும் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ஆறு விக்கெட் தூரத்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடியது. கல்யாணம் பேச வந்த வெளியூர்க்காரர்கள் பெண்ணைப் பார்க்குமுன் வீட்டைப் பார்த்தார்கள். கோயில் ஏழு விக்கெட்டில் இருந்தது. பிள்ளைகள் தெருவில் ஆடிய மட்டைகளை அடுப்பில் வைத்தோம். 'அவுட்' என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. வாய்தவறிச் சொன்னவன் உடனே கடலைத் திரும்பிப் பார்ப்பான். பங்குச்சாமியார் வெனான்சியுஸ் சாமிக்குத்தான் பெரிய தர்மசங்கடம். தான் ஞானஸ்நானம் கொடுத்த பையன் தோற்க வேண்டும் என்று எப்படி ஜெபிப்பது? அதனால் அந்த ஒரு வேண்டுதலை மட்டும் அவர் லத்தீனில் சொன்னார். நாங்கள் அர்த்தம் கேட்கவில்லை.

இதற்குள் பேப்பரில் இன்னொன்று போட்டிருந்தார்கள். இப்படியே போனால் வருகிற டெஸ்ட் பந்தயத்துக்கு இந்த இளைஞனை எடுப்பார்கள் என்று.

சொர்ணராஜ் அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சார், முதல்தர ஆட்டத்துக்கே பத்துத் தப்படின்னா, டெஸ்ட்டுக்கு எம்புட்டு வரும்?"

ஆசீர்வாதம் சார் டீக்காசை வைத்துவிட்டு எழுந்தார். கணக்கு வாத்தியார் ஒருவர் கணக்கைப் போட மறுத்ததை அன்றைக்குத்தான் நாங்கள் பார்த்தோம். அடுத்த ஆட்டம் பங்குனியில், சென்னையில். அதற்குள் தொபியாஸைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டு, வியாகப்பனையும் சாரையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பினோம்.

பஸ்ஸில் மூன்று மணி நேரமும் வியாகப்பன் வாயைத் திறக்கவில்லை என்று சார் பிறகு சொன்னார். விடுதியில் மகனைப் பார்த்ததும், "சாப்பிட்டியால?" என்று மட்டும் கேட்டார். சொல்ல வேண்டியது முழுவதையும் சார்தான் சொல்ல வேண்டியிருந்தது. தொபியாஸ் கடைசிவரை கேட்டான். பொய் என்றோ பைத்தியமா என்றோ கேட்கவில்லை.

"செல்வராணி அக்கா பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. வீடு போச்சு."

"நம்ம வீட்டுக்கு எம்புட்டு இருக்கு சார்?"

"ரெண்டு விக்கெட் வந்தா வாசல்ல நிக்கும். மூணாவதுக்கு உள்ள வரும்."

தொபியாஸ் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஒவ்வொரு வாட்டியும் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பயமாத்தான் இருந்துச்சுப்பா. சந்தோஷத்துல வார பயமாக்கும்னு நெனச்சேன்" என்றான்.

வியாகப்பன் கொண்டுபோயிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை மகனுடைய கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். பஸ் ஏறும்போதுதான், "போடாதேன்னு எப்படிச் சார் அவங்கிட்ட சொல்லுவேன்? நானா இருந்தா போடுவேன்" என்றார்.

தொபியாஸ் தோள் வலிக்கிறது என்று கடிதம் எழுதினான். அணிக்காரர்கள் சென்னைக்குக் கூப்பிட்டு டாக்டரிடம் காட்டினார்கள். தோளில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அணியின் கேப்டன் ராமபத்ரன், முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர், அவன் தோளைத் தட்டி, "முதல்ல எல்லாருக்கும் பயமாத்தான்ப்பா இருக்கும். போகப்போகச் சரியாயிடும்" என்றார். வேறு வழியில்லாமல் தொபியாஸ் ஒரு முடிவுக்கு வந்தான்: பந்தை மோசமாகப் போடுவது. மோசமாகப் போட்டால் அடிப்பார்கள், அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

சென்னை ஆட்டத்துக்குத் தமிழிலேயே வர்ணனை இருந்தது. சொர்ணராஜ் கடை ரேடியோவைக் கோயில் படிக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு, ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தோம். தொபியாஸ் பந்தைக் கையிலெடுத்ததும் வர்ணனையாளருக்கே குழப்பம். "என்ன இது, இடுப்பு உயரத்துக்கு நேராக வரும் பந்து! பள்ளிக்கூடப் பையன்கூட இப்படிப் போட மாட்டான்!" எங்களுக்கு மூச்சு வந்தது. சிலர் சிரித்தார்கள். ஆறாவது பந்தும் அப்படித்தான் போனது. அதை அடிக்கப் போனவன் ஆகாயத்தில் அடித்தான், அது நேராக ஒருவன் கைக்குள் போய் விழுந்தது. நாங்கள் கடலைத் திரும்பிப் பார்க்குமுன்பே அது எழுந்துவிட்டது. கரைந்த முதல் வரிசையைத் தாண்டித் தேர்த் தெருவில் பாதிக்கு வந்து உட்கார்ந்தது. தன் அடுத்த ஓவரில் அவன் வெகுதூரத்துக்கு வெளியே போட்ட ஒரு பந்தை எட்டி அடிக்கப் போனவன் கால் வழுக்கித் தன் ஸ்டம்பிலேயே விழுந்தான். இப்போது தேர்த் தெரு முழுவதும் கடல். இரண்டாம் வரிசை வீடுகளின் வாசற்படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்களுக்கு உண்மையான பயம் வந்தது. அவன் நன்றாகப் போட்டதால் அது வருகிறது என்று நினைத்திருந்தவரை, அவன் மனசு வைத்தால் நிறுத்திவிடலாம் என்று ஒரு பிடி இருந்தது. அவன் வேண்டாம் என்று போட்டாலும் வருகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாம் வரிசையைக் காலி செய்தோம். எல்லோரும் போனார்கள், வியாகப்பனின் மனைவி இஞ்ஞாசியம்மாள் மட்டும் போகவில்லை. ஆட்டத்தின் கடைசி நாள் காலையில் நாங்கள் முழங்கால் தண்ணீரில் அவள் வாசலில் நின்று கெஞ்சினோம். வெனான்சியுஸ் சாமியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இஞ்ஞாசி, சொன்னாக் கேளு. வெளிய வா."

"உலை வச்சிருக்கேன் சாமி."

"உலையைத் தூக்கிட்டு வா."

"எம்மவனுக்குப் பயந்து நான் எதுக்கு வீட்டை விட்டுப் போவணும்? அவன் எடுத்தா எடுக்கட்டும். கடலு வந்தா வரட்டும். நான் என்ன அதுக்கு அன்னியமா?" என்று சொல்லிவிட்டு அவள் அரிசியைக் களைந்து போட்டாள். வியாகப்பன் தன் கட்டுமரத்தைக் கொண்டுவந்து வீட்டுக் கதவுநிலையில் கட்டிவிட்டு, அதிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆசீர்வாதம் சார் தபால் ஆபீஸுக்கு ஓடிப்போய்த் தந்தி கொடுத்தார்.

அந்தத் தந்தி மதியச் சாப்பாட்டு வேளையில் தொபியாஸ் கைக்குப் போயிற்று. அம்மா வீட்டை விட்டு வர மறுக்கிறாள், தண்ணீர் வாசலில். அன்று காலையிலிருந்து அவன் காய்ச்சல் என்று சொல்லி, பந்து போடாமல் எல்லைக்கோட்டுப் பக்கமே நின்றிருந்தான். மற்றவர்கள் போட்டு ஒன்பது பேரை வெளியேற்றிவிட்டார்கள். எதிர் அணிக்கு இன்னும் பதினேழு ஓட்டம் வேண்டும், ஒரே ஒரு விக்கெட்தான் மிச்சம். நின்ற இருவரும் மட்டை பிடிக்கவே தெரியாத பவுலர்கள். சாப்பாடு முடிந்து களத்துக்கு வந்ததும் ராமபத்ரன் பந்தை அவனிடம் நீட்டினார்.

"வேணாம் சார். வேற யாருக்காவது கொடுங்க."

"மத்தவங்க கை ஓய்ஞ்சு போச்சுப்பா. ஒரே ஒரு நல்ல பந்து, முடிஞ்சுடும். இந்த ஜெயிப்பு உன் பேர்ல இருக்கட்டும்."

"சார், கும்பிடுதேன்."

கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. ராமபத்ரன் பந்தை அவன் கையில் அழுத்திவைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டால் அது நோ பால். அந்தப் பந்தில் எது நடந்தாலும் பவுலருக்கு விக்கெட் கிடையாது, எதிர் அணிக்கு ஒரு ஓட்டம் கிடைக்கும், அந்தப் பந்து கணக்கில் சேராமல் மறுபடியும் போட வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. தொபியாஸ் ஓடிவந்தான், ஒரு முழம் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தான், போட்டான். "நோ பால்!" என்றார் நடுவர். வாசற்படியில் தலை தூக்கிய கடல் அப்படியே நின்று, தாழ்ந்தது.

இரண்டாவதும் நோ பால். மூன்றாவதும். நடுவர் நடந்துவந்து அவனிடம் என்னவோ சொன்னார் என்றது ரேடியோ. தொபியாஸ் தலையாட்டினானாம். நான்காவதும் நோ பால். ராமபத்ரன் ஓடிவந்து கோட்டைக் காலால் தேய்த்துக் காட்டினார். ஐந்தாவது நோ பால். ஓவர் முடியாமல் பவுலரை மாற்ற முடியாது, நோ பால் போட்டால் ஓவர் முடியாது. எட்டாவதில் மட்டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வீச, ஸ்டம்பு மூன்றும் பறந்தன, கூட்டம் எழுந்து கூச்சலிட்டது, கடலும் எழுந்தது, எழுந்து வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் ஒரு அடி வைத்து, இஞ்ஞாசியம்மாளின் அடுப்பங்கரை வரைக்கும் எட்டிப் பார்த்தது. நோ பால் என்று நடுவர் கையை நீட்டியிருந்தார். தண்ணீர் வந்த வழியே படியிறங்கிப் போனது.

அதற்குள் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கோயில் படியில் யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, தொபியாஸ் ஓடிவருவதை ரேடியோ சொல்லும்போதெல்லாம் ஊரே சேர்ந்து பிரார்த்தனைமாலையில் மறுமொழி சொல்வதுபோல "நோ பால்" என்று சொல்ல ஆரம்பித்தோம். கிழவிகள் சொன்னார்கள், செல்வராணி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு சொன்னாள், வெனான்சியுஸ் சாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், இந்த முறை லத்தீனில் இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அரங்கத்தில் கல்லும் சோடாபாட்டிலும் பறக்கின்றன என்றது ரேடியோ. இப்படி ஒரு வெட்கக்கேட்டை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் வர்ணனையாளர். பதினைந்து, பதினாறு. மட்டைக்காரன் அடிக்கக்கூட மறந்து மட்டையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தானாம். பதினேழாவது பந்தும் நோ பால். ஆட்டம் முடிந்தது. எங்கள் மாநிலம் தோற்றது. கோயில் படியில் நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதோம்.

நெற்றியில் கல் பட்டு ரத்தம் வழிய உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த தொபியாஸின் முன்னால் ராமபத்ரன் வந்து நின்றாராம். அடிக்க ஓங்கிய கையை இறக்கிவிட்டு, "யாருக்காகடா இதைச் செஞ்சே? அதையாவது சொல்லு" என்று கேட்டாராம்.

"எங்க அம்மா சோறு பொங்கிக்கிட்டு இருந்தா சார்."

ராமபத்ரன் திரும்பி நடந்து போய்விட்டார். அதற்குப்பின் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மூன்று முதல்தர ஆட்டம், பதினொரு விக்கெட். அதோடு சரி.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுத் தொபியாஸ் ஊருக்கு வந்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மாலை வாங்கி வைத்திருந்தோம். ஆனால் அவன் இறங்கித் தகரப்பெட்டியை இடது கையில் தூக்கியதும், எங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினோம். மாலையைக் கையில் வைத்திருந்த சொர்ணராஜ் அண்ணாச்சி அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். கடைசியில் ஆசீர்வாதம் சார் அதை வாங்கிப் போட்டுவிட்டு, "ஒரு சத்தியம் மட்டும் பண்ணிக் கொடுத்துருப்பா" என்றார். அங்கேயே, பஸ்ஸின் புகை அடங்குமுன், இனிப் பந்தைத் தொடுவதில்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

நாங்கள் அவனைப் பகைக்கவில்லை. ஆனால் யாரும் அவனைத் தங்கள் கட்டுமரத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவன் எதையாவது தூக்கிப்போட்டால் பிடிக்காமல் விலகினார்கள். ஒருநாள் தேங்காய் ஒன்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினான், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூட்டையோடு பின்தெருவுக்கு வந்துவிட்டார்கள். கடலோ வந்த இடத்திலேயே இருந்தது. திரும்பிப் போகவில்லை, மேலே வரவும் இல்லை. காத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தொபியாஸ் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கப் பழகினான். உப்பளத்தில் எழுத்து வேலைக்குப் போனான். வலது கையால் எழுதினான்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் எழும்போது இஞ்ஞாசியம்மாள் கோயில் நடுவே வந்து நின்றாள்.

"எம்பிள்ளை அங்க போயி என்ன செஞ்சாம்னு நான் ஒருக்காப் பாக்கணும்" என்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவன் பந்து போடுவதைப் பார்க்கக் கேட்கிறாள் என்று புரிந்ததும் கூச்சல் எழுந்தது. சத்தியம் என்ன ஆவது என்றார்கள். செல்வராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சாமி கையமர்த்திப் பார்த்தார், முடியவில்லை. இஞ்ஞாசியம்மாள் கூச்சல் அடங்கும்வரை நின்றாள்.

"பதினாலு வீடு போயிருக்கு. தெரு போயிருக்கு. எம்பிள்ளை ராத்திரி தூக்கத்துல அந்தக் கையை வலது கையால புடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கான். எதுக்காவ இம்புட்டும்னு இந்த ஊருல ஒருத்தராவது கண்ணால பாத்திருக்கோமா? ரேடியோவுல கேட்டோம். எனக்கு ஒண்ணு போதும். ஒரே ஒண்ணு."

"அவன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டார் சொர்ணராஜ்.

தொபியாஸ் கடைசி வரிசையில் நின்றிருந்தான். "எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

மூன்று ஞாயிறு இதையே பேசினோம். இது புஸ்தகத்தில் ஏறும் ஆட்டம் இல்லை, கடல் வராது என்று ஆசீர்வாதம் சார் சொன்னார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் சாமி தன் பொறுப்பில் சத்தியத்தை ஒரு நாளைக்கு அவிழ்த்துவிட்டார். ஒரு பந்து. ஸ்டம்பு கிடையாது, மட்டை கிடையாது, எதிரில் ஆள் கிடையாது. எடுப்பதற்கு விக்கெட்டே இருக்கக் கூடாது.

குறித்த நாளில் கோயில் பின்னாலிருந்த திடலைத் தண்ணீர் தெளித்து இறுக்கினோம். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து இரண்டு பக்கமும் நின்றோம், ஒவ்வொருவர் தலையிலும் இடுப்பிலும் மூட்டை. பாதிப்பேர் தொபியாஸைப் பார்த்து நின்றோம், பாதிப்பேர் கடலைப் பார்த்து நின்றோம். கட்டுமரங்கள் கட்டு அவிழ்த்துத் தயாராகக் கிடந்தன. இஞ்ஞாசியம்மாளுக்கு மட்டும் ஒரு முக்காலி போட்டிருந்தது. அவள் உட்காரவில்லை.

தொபியாஸ் சட்டைப்பையிலிருந்து இடது கையை எடுத்தான். அது வெயில் படாமல் வெளுத்திருந்தது. சார் கொடுத்த பந்தை வாங்கி, விரல்களுக்கு நடுவே இரண்டு முறை சுண்டிப் பார்த்தான். பிறகு நான்கே நான்கு தப்படி, வெறுங்காலோடு, கோட்டுக்குப் பின்னாலேயே கால் வைத்துப் போட்டான்.

பந்து ஏறியது. எங்கள் கண்ணுக்கு மேலே ஏறி, வேப்பமரத்தின் பச்சைக்கு முன்னால் சிவப்பாக ஒரு கணம் நின்றது. அது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருந்தது. விழுந்து, அந்த இடத்துக்குப் போகாமல், பாம்பு தலையைத் திருப்புவதுபோல் திரும்பி வேறு பக்கம் போனது. கடலைப் பார்த்து நின்ற பாதிப்பேரும் எப்போது இந்தப் பக்கம் திரும்பினோம் என்று தெரியவில்லை. பந்து உருண்டு வேலிக்குக் கீழே போய் நின்றது. கடல் இருந்த இடத்திலேயே கிடந்தது.

இஞ்ஞாசியம்மாள் மகனிடம் நடந்து போய் அவனுடைய இடது கையைப் பிடித்தாள்.

"இதைப் பாக்கக் கடலு வராம வேற என்னல செய்யும்?" என்றாள்.

தொபியாஸ் அழுதான். நாங்களும் அழுதோம். ஆனால் இருட்டும்வரை ஒருவரும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.